ரோட்டில் கொட்டிய கொழுந்து

எங்கள் டிரைவரை ஜன்னல் வழியாகத்தான் வெளியே இழுத்தார்கள். கதவைத் திறக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு கை சட்டைக் காலரைப் பிடித்தது, இன்னொரு கை தலைமுடியைப் பிடித்தது, மூன்றாவதாக வந்த கைக்குப் பிடிக்க இடமில்லாமல் காதைப் பிடித்தது. இடுப்புவரை வெளியே வந்தவர் அங்கேயே சிக்கிக்கொண்டார். தலை கீழே, கால் உள்ளே. அந்த நிலையிலேயே முதல் அடி விழுந்தது. சுற்றிலும் ஒரே வெள்ளை. அடிக்கிற கை முழங்கைவரைதான் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கை வரும், அடிக்கும், திரும்பிப் போய்விடும். பிறகு வேறொரு கை வரும்.

நான் அந்த மினி பஸ்ஸில் கண்டக்டர். மஞ்சூருக்கும் அதற்குக் கீழே இருக்கும் சின்னச் சின்ன ஊர்களுக்கும் நடுவில் ஏறி இறங்குகிற வண்டி. நான் பிறந்தது காரமடைப் பக்கம். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் எட்டாவதோடு தீர்ந்துபோனது. அப்புறம் படித்ததெல்லாம் பஸ்ஸில்தான். கையில் கிடைத்த புத்தகத்தை விடமாட்டேன், ஆனால் அதைவிட ஜனங்கள் பேசுவதைக் கேட்பதில்தான் எனக்கு ருசி. டிக்கெட் கிழிக்கும்போது ஒரு நல்ல பேச்சு காதில் விழுந்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ரூமுக்குப் போய்க் கூட இருப்பவனிடம் அதே குரலில் சொல்லிக் காட்டுவேன்.

அந்த வருஷங்களில் தேயிலை விலை விழுந்து கிடந்தது. காலையில் எங்கள் பஸ்ஸில் ஏறி அடுத்த ஊர்த் தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்கப் போகிற ஓர் அம்மா இருந்தார். தலையில் துணி கட்டி, இடுப்பில் பிளாஸ்டிக் விரிப்பைக் கயிற்றால் வரிந்துகொண்டு ஏறுவார். ஒரு நாள் கம்பியைப் பிடித்து நின்றபடி சொன்னார்: "வெலையும் இந்த மிஸ்ட்டும் ஒரே மாதிரிதான் கண்டக்டர் தம்பி. எறங்கறப்ப எல்லாரு கண்ணுக்கும் தெரியுது. ஏறுனதை யாரு பாத்தா?" பஸ்ஸே சிரித்தது. மலையில் மூடுபனியை அப்படித்தான் சொல்வார்கள், மிஸ்ட் என்று.

சிரிப்பு அவ்வளவுதான். மற்றபடி எல்லோர் கையும் எந்நேரமும் ஓங்கத் தயாராக இருந்தது. எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாகப் பூட்டின. சொந்தத்தில் கொஞ்சம் தோட்டம் வைத்திருந்தவர்கள் பறித்த கொழுந்தை ரோட்டோரத்துக்குத் தூக்கிவந்து, ஃபேக்டரி ஏஜென்ட் சொல்கிற விலைக்குத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஜன்னலோர சீட்டுக்காக இரண்டு பெரிய மனிதர்கள் ரத்தம் வர அடித்துக்கொண்டதை நான் குறுக்கே புகுந்து விலக்கியிருக்கிறேன். ஸ்டாண்டில் வைத்துப் பெண்டாட்டியை ஒருவன் அறைய, அவள் குடையைத் திருப்பிப் பிடித்துக் கைப்பிடியால் அவன் மண்டையில் சாத்தியதையும் பார்த்திருக்கிறேன். "இப்ப மலையில கூலி கேக்காம நடக்கிற வேலை அடிதடி ஒண்ணுதான்" என்று அப்போது ஒரு கிழவர் சொன்னார். அதையும் ரூமில் போய்ச் சொல்லிக் காட்டினேன்.

டிரைவர் என்னைவிட நிறைய மூத்தவர். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, சின்ன வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவர். இங்கே ஓர் எஸ்டேட்டில் கொழுந்து லாரி ஓட்டினார். எஸ்டேட் பூட்டியதும் மினி பஸ்ஸுக்கு வந்தார். எதிரில் வருகிறவன் தப்பாக வந்து இடித்தாலும் இறங்கி "காயம் ஏதும் இல்லீங்களே?" என்று கேட்கிற ஆள். நான்தான் கத்துவேன். "நீ கத்து தம்பி, நான் ஓட்டறேன். ரெண்டு பேரும் கத்துனா வண்டிய யாரு ஓட்டறது?" என்பார்.

மிஸ்ட் இறங்கிவிட்டால் மட்டும் அவர் வேறு ஆளாகிவிடுவார். பாட்டை நிறுத்துவார். "பேசாதீங்க எல்லாரும்" என்று ஒரே ஒரு தடவை சொல்வார். முன் விளக்கைத் தாழ்த்திப் போடுவார். உயர்த்திப் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் எழும்பிவிடும், அவ்வளவுதான். ஜன்னல் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிக்கொள்வார். நான் படியில் நின்று ஓரத்தைப் பார்த்துத் தகரத்தில் தட்டவேண்டும். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. உள்ளே குழந்தைகூட அழாது. இருமல் வந்தால் முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொள்வார்கள்.

எப்படி ஓட்டுகிறீர்கள் என்று ஒரு முறை கேட்டேன்.

"பச்சை வந்தா ஒடி. அம்புட்டுதான்" என்றார். "எதுக்க வெள்ளையா இருக்கறவரைக்கும் ரோடு இருக்கு. பச்சை வந்துச்சுன்னா ரோடு தீந்துபோச்சு, வளைவு வந்துருச்சுன்னு அர்த்தம். கொழுந்து லாரியில எல்லாரும் இப்பிடித்தான் ஓட்டுனோம்."

உண்மைதான். எங்கள் ரோட்டில் ஏறும்போது வலது பக்கம் முழுக்க மேடு, மேடு முழுக்கத் தேயிலை. இடது பக்கம் பள்ளம், பள்ளத்துக்கு முன்னால் இடுப்புயரக் கல்சுவர், அதுவும் விட்டு விட்டு. ரோடு நேராகப் போய் இடது பக்கம் திரும்புகிற வளைவுகளில் தேயிலைச் செடிகள் எதிரே வந்து நிற்கும். விளக்கு வெளிச்சத்தில் முதலில் கறுப்பாக ஏதோ தெரியும், அப்புறம் அது பச்சையாகும். அந்த நொடியில் அவர் கை தானாக இடது பக்கம் ஒடிக்கும். ஒரு நாளும் தப்பியதில்லை.

அன்றைக்கு மத்தியானம் எங்கள் டயர் பஞ்சராகி, ஸ்டெப்னி மாற்றுவதற்குள் நேரம் போய்விட்டது. வழக்கமாக நாங்கள் மேலே போய்ச் சேர்ந்திருக்கவேண்டிய நேரத்தில் கீழேயே இருந்தோம். மேலே என்ன நடந்ததென்று பிறகுதான் தெரிந்தது. கொழுந்து வாங்க வந்த ஏஜென்ட் அன்றைக்கு விலையை இன்னும் இறக்கிச் சொல்லியிருக்கிறான். அதற்கு மேல், எல்லா மூட்டையையும் எடுக்க முடியாது, பாதியைத் திருப்பிக் கொண்டு போங்கள் என்றும் சொல்லியிருக்கிறான். அங்கிருந்தவர்களுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. அவனை விரட்டிவிட்டு, மூட்டைகளை அவிழ்த்து ரோட்டின் குறுக்கே கொட்டினார்கள். வளைவு வருவதற்கு நல்ல தூரத்துக்கு முன்னால், நேர் ரோட்டில். விலை சொல்லாமல் ஒரு வண்டி போகக்கூடாது என்று ஆளுயரத்துக்குக் கொட்டினார்கள். பஸ் போய்விட்டது என்று நினைத்தார்கள். அதனால் கீழ்ப்பக்கம் விளக்கோடு ஒருத்தரையும் நிறுத்தவில்லை.

நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம். மழை இல்லை, ஆனால் எல்லாம் நனைந்திருந்தது. மிஸ்ட் அவ்வளவு அடர்த்தி, படியில் நின்ற எனக்கு என் கையால் தட்டுகிற தகரமே மங்கலாகத் தெரிந்தது. இரண்டு தட்டு, இரண்டு தட்டு என்று போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று பஸ் இடது பக்கம் ஒடிந்தது. இங்கே ஏது வளைவு என்று என் வாயில் வருவதற்குள் சக்கரத்துக்கடியில் ஏதோ மெத்தென்று மிதிபட்டது. ஈர இலை. சக்கரம் உருளாமல் வழுக்கியது. பிரேக் போட்ட சத்தம்கூட இல்லை, ஒரு சறுக்கல்தான். பஸ் பக்கவாட்டில் பள்ளத்தை நோக்கிப் போனது. நான் கம்பியைக் கட்டிப்பிடித்தேன். அப்புறம் இடி. முன்கண்ணாடி மொத்தமாக உடைந்து உள்ளே கொட்டியது. உள்ளே இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். பஸ் நின்றுவிட்டது.

நிற்கவைத்தது ஒரு பிக்கப் ஜீப். விளக்கில்லாமல் இடது ஓரத்தில், கல்சுவரை ஒட்டி நின்றிருந்தது. அது இல்லையென்றால் நாங்கள் எல்லோரும் பள்ளத்தில். ஆனால் ஜீப்புக்கும் சுவருக்கும் நடுவில் நின்று ஒரு மனிதர் மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஜீப்பைத் தள்ளியது, ஜீப் அவரைச் சுவரில் வைத்து நசுக்கியது. அவர் கத்திய கத்தலை எழுதிக்காட்ட என்னிடம் எழுத்தில்லை. எந்த மொழியிலும் சேராத சத்தம்.

அந்தச் சத்தத்துக்குத்தான் மூட்டத்துக்குள்ளிருந்து கைகள் வந்தன.

டிரைவரை இழுத்துக் கீழே போட்டார்கள். அவர் குப்புற விழுந்தார். முதுகில் மிதித்தார்கள். எழுந்து உட்கார்ந்தவரை முகத்தில் உதைத்தார்கள். நசுங்கியவரின் தம்பி, தடித்த கழுத்துள்ள ஆள், கொழுந்து எடை போடத் தராசைத் தொங்கவிடுகிற மூங்கிலை உருவிக்கொண்டு வந்தான். அதால் அடித்தான். முதல் அடி தோளில். இரண்டாவது அடியைத் தடுக்க டிரைவர் கையைத் தூக்கினார், கையில் விழுந்தது. மூன்றாவது கண்ணோரத்தில். மூங்கில் பட்ட இடம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அடித்துக்கொண்டே அவன் அந்த மலை ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பேசுகிற பாஷையில் தன் ஆட்களிடமும், தமிழில் எங்களிடமும் மாறி மாறிக் கத்தினான்.

"எங்கண்ணனைக் கொன்னுட்டான்! உன்னையும் இங்கயே தள்ளிடறேன்டா!"

"ஏனுங்க, உடுங்க! ஆளு செத்துருவாருங்க!" என்று நான் போய் அவர்மேல் விழுந்தேன். எனக்கும் கிடைத்தது. என் முதுகில் யாரோ மிதித்தார்கள், டிக்கெட் பை அறுந்து போனது. "கண்டக்டரையும் சேத்துப் போடு" என்று ஒரு குரல். யார் என்று திரும்பிப் பார்த்தால் வெள்ளைதான் தெரிந்தது. அது கொடுமை. அடிக்கிறவன் முகம் தெரிந்தாலாவது அவன் கண்ணைப் பார்த்துக் கெஞ்சலாம்.

டிரைவரைக் காலைப் பிடித்துச் சுவர் உடைந்து கிடந்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பள்ளத்துக்குப் பக்கத்தில். சும்மா மிரட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் தம்பியின் முகம் கிட்டத்தில் தெரிந்தது. மிரட்டல் இல்லை.

அப்போது அண்ணனின் கத்தல் நின்றது.

அது நின்றதும் எல்லாம் நின்றது. தம்பி மூங்கிலைப் போட்டுவிட்டு ஓடினான். நாங்களும் ஓடினோம். பஸ்ஸில் வந்தவர்கள், அடித்தவர்கள், எல்லோருமாகச் சேர்ந்து ஜீப்பின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தோம். அண்ணன் அப்படியே சரிந்து விழுந்தார். சாகவில்லை, மயக்கம். முழங்காலுக்குக் கீழே கால் இருக்கவேண்டிய மாதிரி இல்லை. ரத்தம் பீய்ச்சியது. கொழுந்து பறிக்கிற அந்த அம்மாவும் பஸ்ஸில் வந்திருந்தார். நெற்றியில் கண்ணாடிச் சில்லு கிழித்த ரத்தத்தோடு இறங்கி வந்து, இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, தொடையில் இறுக்கிக் கட்டினார். தன் ஒரு காலை அண்ணனின் தொடைமேல் ஊன்றிக்கொண்டு இழுத்துக் கட்டினார்.

"ஆஸ்பத்திரிக்கு எடுங்க" என்றார். "இந்தக் கட்டு ரொம்ப நேரம் தாங்காது."

எதில் எடுப்பது? ஜீப் நசுங்கிவிட்டது. எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு லாரிக்காரன் அடிதடிச் சத்தம் கேட்டதுமே வண்டியைப் போட்டுவிட்டு, சாவியோடு தேயிலைக்குள் புகுந்து ஓடிவிட்டான். கையில் ஃபோன் இல்லாத காலம். மிச்சம் எங்கள் பஸ்தான். முன்கண்ணாடி இல்லை, ஒரு விளக்கு இல்லை, ஆனால் இன்ஜின் நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் ஒருவன் தனக்கு ஜீப் ஓட்டத் தெரியும் என்று ஏறி உட்கார்ந்தான். ரிவர்ஸ் எடுத்தான். பின்சக்கரம் உடைந்த சுவருக்கு இந்தப் பக்கம் போய் நின்றது. அங்கிருந்து கற்கள் பள்ளத்தில் உருண்டு விழுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. அவன் இறங்கி வந்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். "என்னால ஆகாது. ஒண்ணுமே தெரியலை" என்றான்.

அந்த அம்மாதான் பேசினார். நெற்றி ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து:

"ஏன், அடிச்சவங்களே ஓட்டுங்களேன் சாமி. அடிக்கத் தெரிஞ்ச கைக்கு ஸ்டியரிங் புடிக்கத் தெரியாதா?"

தம்பி அந்த அம்மாவையும் அடித்துவிடுவான் என்று நினைத்தேன். கையை ஓங்கினான். அப்படியே இறக்கிக்கொண்டு, சுவரோரம் கிடந்த டிரைவரிடம் போனான். அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினான். அன்பாக இல்லை, மூட்டையைத் தூக்கி நிறுத்துவதுபோல.

"ஓட்டு" என்றான். "அண்ணன் செத்தா நீயும் செத்தே. ஓட்டு."

டிரைவர் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினார். வலது கண் மூடியே போயிருந்தது. திறந்திருந்த கண்ணால் ரோட்டைப் பார்த்தார்.

"மொதல்ல கொழுந்தைத் தள்ளுங்க" என்றார்.

அதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கொழுந்துக் குவியலின்மேல் ஒருவர் ஏறி நின்றுகொண்டிருந்தார், இவ்வளவு ரகளைக்கும் இறங்காமல். "வெலை வராம ஒரு எலை நகராது. எல்லாரும் சத்தியம் பண்ணித்தானே கொட்டினோம்?" என்றார். தம்பி போய் அவர் காலைப் பிடித்து இழுத்தான். அவர் மல்லாக்க விழுந்தார். பிறகு தம்பியே முதலில் குனிந்து, இரண்டு கையாலும் அள்ளிப் பள்ளத்துக்குள் எறிந்தான். அதற்குப் பிறகு எல்லோரும் அள்ளினார்கள். காலால் தள்ளினார்கள், சாக்கால் இழுத்தார்கள். நகத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்த கொழுந்து. ஒரு பெண் அள்ளிப் போட்டுக்கொண்டே தேம்பினாள். நசுங்கிய காலுக்காகவா, கொழுந்துக்காகவா என்று அவளைக் கேட்டாலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

அண்ணனைப் பின்சீட்டில் கிடத்தினோம். அந்த அம்மா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். மற்றவர்களை இறக்கிவிட்டோம். நான் படியில் நின்றேன். தம்பி டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் உட்கார்ந்து, ஒரு கையால் அவர் காலரைப் பிடித்துக்கொண்டான். வழி முழுக்க விடவில்லை.

பஸ் கிளம்பியது. முன்கண்ணாடி இல்லாததால் மூட்டம் நேராக உள்ளேயே வந்தது. எங்கள் சட்டையெல்லாம் நனைந்தது. டிரைவர் முகத்து ரத்தம் ஈரத்தில் கரைந்து கழுத்துவரை இறங்கியது. ஒரு விளக்கு வெளிச்சத்தில் ரோடு ஒரு பக்கம்தான் இருந்தது.

"வலது பக்கம் எனக்குத் தெரியலை" என்றார் டிரைவர். "நீ பாத்துச் சொல்லு."

தம்பி சொன்னான். மேட்டில் தெரிகிற தேயிலையைப் பார்த்துச் சொன்னான். "இது எங்க மாமா தோட்டம், நேராப் போ. கவாத்து வெட்டுன செடி தெரியுது, மெதுவா. வளைவு வருது. வருது. ஒடி!" டிரைவர் ஒடித்தார். நான் தகரத்தில் இரண்டு தட்டினேன். பஸ் வளைவைச் சுற்றி ஏறியது.

கொஞ்ச தூரம் போனதும் தம்பி கேட்டான், காலரை விடாமல்: "குடிச்சிருந்தியா?"

"இல்லை."

"பின்ன ஏன்டா நேர் ரோட்டுல ஒடிச்சே?"

"எதுக்க பச்சை தெரிஞ்சுது. வளைவுன்னு ஒடிச்சேன்."

தம்பி திரும்பி மேட்டுத் தேயிலையைப் பார்த்தான். அவனும் அந்த ரோட்டுக்காரன்தான். அவனும் அப்படித்தான் ஜீப் ஓட்டியிருப்பான்.

"எங்க கொழுந்தா?" என்றான்.

"வேற என்ன."

அவன் பிடி தளரும் என்று எதிர்பார்த்தேன். தளரவில்லை. இன்னும் இறுகியது. காலர் இறுகி டிரைவருக்கு இருமல் வந்தது. "ஓட்டு, பேசாதே" என்றான். கேள்வி கேட்டதே அவன்தான்.

திடீரென்று அவனே அலறினான்: "நிறுத்து! நிறுத்து! கல்லு!"

மேலே, ஊருக்குள் நுழைகிற இடத்தில், அவர்களே ரோட்டுக்குக் குறுக்கே பாறைக் கற்களை உருட்டிப் போட்டிருந்தார்கள். மத்தியானம் அவனும் சேர்ந்துதான் போட்டிருக்கிறான். அது அவனுக்கு மறந்தே போயிருந்தது. டிரைவர் பிரேக்கை மிதிக்க, பஸ் நிற்பதற்குள் அவன் முன்கண்ணாடி இருந்த ஓட்டை வழியாகவே குதித்து வெள்ளைக்குள் ஓடினான். காணாமல் போய்விட்டான். குரல்தான் கேட்டது. அங்கே காவலிருந்தவர்கள் மூட்டத்துக்குள் பஸ் உறுமுவதைக் கேட்டு, யாரோ மறியலை உடைக்க வருகிறான் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு கல் பறந்து வந்து பஸ் கூரையில் விழுந்தது. இன்னொன்று என் காதை ஒட்டிப் போய் சீட்டில் அடித்தது. பின்சீட்டு அம்மா அண்ணனின் முகத்தின்மேல் கவிழ்ந்துகொண்டார்.

"அடிக்காதீங்கடா! அண்ணன் உள்ளே இருக்காரு!" என்று அவன் கத்துவது கேட்டது. பிறகு அவன் பாஷையில் ஏதோ. பிறகு பளார், பளார் என்று அறைகள். அவன் அறைகிறானா, அவனை அறைகிறார்களா என்று தெரியவில்லை. அப்புறம் கற்கள் உருளுகிற சத்தம்.

"உசுரோட இருக்காரா?" என்று டிரைவர் திரும்பாமல் கேட்டார்.

"மூச்சு இருக்கு. நீ உன் வேலையப் பாரு ராசா" என்றார் அந்த அம்மா.

தம்பி மூச்சிரைக்க ஏறி வந்தான். உதடு கிழிந்திருந்தது. மறுபடியும் இன்ஜின் மூடிமேல் உட்கார்ந்து, மறுபடியும் காலரைப் பிடித்துக்கொண்டான். "போ."

மேலே டவுனில் ஆஸ்பத்திரி வாசலில் போய் நிறுத்தினோம். அண்ணனைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் வெளி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். உட்கார்ந்தோம் என்பதைவிட, தம்பி டிரைவரை உட்காரவைத்தான் என்பது சரி. அங்கேயும் காலரை விடவில்லை. அவன் பிடியும் பேசாத வாயும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன: உள்ளேயிருந்து என்ன செய்தி வருகிறதோ, அதுதான் இவருக்கும். கீழே விட்ட கூட்டத்தில் சிலர் ஏதேதோ வண்டி பிடித்து வந்து சேர்ந்துவிட்டார்கள். வாசலில் நின்று எங்களைப் பார்த்தபடி இருந்தார்கள். ஒருவன் கையில் அந்த மூங்கில் இன்னும் இருந்தது. நான் டிரைவருக்கு முன்னால் நின்றுகொண்டேன். நின்று என்ன செய்துவிடப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"அண்ணா, கண்ணைக் காட்டிட்டு வந்துரலாங்களா? ரத்தம் நிக்கலைங்க" என்றேன்.

"இருக்கட்டும்" என்றார். "சேதி வரட்டும்."

ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் வந்து எங்களைப் பார்த்து, "இவருக்கென்ன, இவரும் அந்த ஆக்சிடென்ட்டா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி, "ஆமா" என்றான். ஊழியர், டிரைவர் கழுத்தில் இருந்த அவன் கையைப் பார்த்தார், வாசல் கூட்டத்தைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

டாக்டர் வெளியே வர நேரமானது. வந்ததும் தம்பி எழுந்தான், காலரைப் பிடித்தபடியே எழுந்ததால் டிரைவரும் கூடவே எழவேண்டியதாயிற்று.

"ரத்தம் கட்டுப்பட்டிருச்சு. உசுருக்கு பயமில்லை" என்றார் டாக்டர். "நல்ல நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க. காலைப் பத்தி இங்க ஒண்ணும் சொல்ல முடியாது. ஊட்டிக்கு அனுப்பறோம், அங்க பாத்துச் சொல்லுவாங்க."

"பிழைச்சுக்குவாரா?"

"பிழைச்சுக்குவாரு."

அப்போதுதான் அவன் கை காலரிலிருந்து விழுந்தது. விரல்கள் மடங்கியபடியே இருந்தன. இன்னொரு கையால் அவற்றை நீவிவிட்டுக்கொண்டான். வாசலில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூங்கில் வைத்திருந்தவன் அதைச் சுவரில் சாய்த்துவைத்தான்.

டிரைவர் சட்டையைச் சரிசெய்துகொண்டார். மேல் பட்டன் இல்லை, இருந்த பட்டனைப் போட்டார். அப்புறம் தம்பியின் நேர் எதிரே போய் நின்று, ஓங்கி அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டார். வராந்தா முழுக்க அதிர்ந்தது. இத்தனை வருஷத்தில் அவர் கை ஓங்கி நான் பார்த்த ஒரே தடவை. வாசலில் இருந்தவர்கள் உள்ளே பாய்ந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"யாரும் வராதீங்க!" என்று தம்பி சத்தம் போட்டான். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றான். "அங்கயே நில்லுங்க."

டிரைவர் திறந்திருந்த கண்ணால் அவனைப் பார்த்தார். "உங்கண்ணன் போயிருந்தா உன்னை அடிச்சிருக்க மாட்டேன்" என்றார். "நீ என்ன பண்ணியிருந்தாலும் வாங்கிக்கிட்டு செத்திருப்பேன். அவரு பிழைச்சுட்டாருல்ல? அதான் அடிச்சேன்."

ஊழியர் ஓடிவந்து, "ஏய், சண்டையெல்லாம் வெளியே போய்ப் போடுங்க, இது ஆஸ்பத்திரி!" என்றார்.

"இவருக்குக் கண்ணுல தையல் போடணும்" என்றான் தம்பி. "யாரைப் பாக்கணும்?"

ஊழியர் வராந்தாக் கடைசி அறையைக் காட்டினார். வழியில் வலது பக்கமாக இரண்டு படி இருந்தது. டிரைவருக்கு அந்தப் பக்கத்துக் கண்தான் மூடியிருந்தது. தம்பி முன்னால் நடந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல், "படி" என்றான். கொஞ்சம் விட்டு, "இன்னொண்ணு" என்றான்.